கரடிக்கு எக்செல் தெரியாது, மருமகனே!

மருமகனே, நீ அனுப்பின அலாஸ்கா பயண அட்டவணை வாட்ஸ்அப்புல வந்து சேர்ந்தது. கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சேன். என்ன அழகு, என்ன ஒழுங்கு! காலையில ஒன்பதேகாலுக்குக் கரடி. பதினொண்ணுக்குப் பனியாறு இடிஞ்சு விழறது. ஒண்ணரைக்குச் சாப்பாடு. ரெண்டு மணிக்குத் திமிங்கலம். நாலு மணிக்கு மீன்பிடி, பக்கத்துலயே 'குறைந்தது ஆறு மீன்'னு குறிப்பு வேற. கரடிக்குப் பழுப்பு, பனிக்கு நீலம், மீனுக்குச் சிவப்புன்னு கட்டத்துக்குக் கட்டம் வர்ணம் பூசியிருக்கே. கம்பெனிக்காரன் உன்னை மேனேஜராக்கினதுல தப்பே இல்ல. ஒரே ஒரு சந்தேகம்தான். இதுல ஒரு பிரதியைக் கரடிக்கு அனுப்பினியா?

கோவிச்சுக்காதே. தாய்மாமன் கேலி பண்ணாம வேற எவன் பண்ணுவான்? போன கோடையில என் மகன் என்னையும் அந்த அலாஸ்காவுக்கு இழுத்துட்டுப் போனான். அந்த உரிமையில நாலு வார்த்தை சொல்றேன். கேட்டா கேளு, கேக்காட்டி கரடி சொல்லிக்கும்.

முதல்ல ஊரோட அகலத்தைத் தெரிஞ்சுக்கோ. நம்ம தமிழ்நாடு 1,30,000 சதுர கிலோமீட்டர். அலாஸ்கா 17 லட்சத்துக்கு மேல. அதுக்குள்ள நம்ம மாநிலத்தைப் பதிமூணு தடவை போட்டு அடைக்கலாம். நீ என்னடான்னா ஒரே வாரத்துல டெனாலி மலை, கட்மாய் கரடி, ஜூனோ பனியாறு, ஹோமர் மீன்பிடி எல்லாத்தையும் முடிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டல்லாஸ் வீட்டுல துணி துவைக்கணும்னு போட்டிருக்கே. ஜூனோ அந்த மாநிலத்துக்குத் தலைநகரம். ஆனா அந்த ஊருக்கு வெளியூர்ல இருந்து தார்ரோடே கிடையாது. கப்பல்ல போகணும், இல்ல விமானத்துல போகணும். 'ஜூனோ, காரில் 3 மணி நேரம்'னு நீ போட்டிருக்கிற கட்டத்தை மட்டும் அழிச்சிடு. அந்த ரோட்டை உனக்கு முன்னாடி யாரும் கண்டுபிடிக்கல.

அந்த நிலத்தையே 1867-ல ரஷ்யாக்காரன்கிட்ட இருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காக்காரங்க வாங்கினாங்க. ஏக்கர் ரெண்டு சென்டுதான். பேசி முடிச்ச வெளியுறவு மந்திரி வில்லியம் சீவர்டை, 'பனிக்கட்டிக்குக் காசு கொடுத்த கிறுக்கன்'னு பத்திரிகைக்காரங்க நையாண்டி பண்ணினாங்க. இப்போ ஜூலை மாசத்துல அந்த மந்திரி பேரு வச்ச சீவர்டு ஊர்ல ஒரு ராத்திரி ரூமுக்கு நீ கட்டியிருக்கிற 300 டாலருக்கு, அன்னிக்கு 15,000 ஏக்கர் வாங்கியிருக்கலாம். கிறுக்கன் யாருன்னு நான் சொல்லல. வாடகை ரசீது சொல்லும்.

ஊரு அவ்வளவு பெரிசு, ஆகவே உனக்குக் கீனாய் தீபகற்பம் ஒண்ணே போதும். ஆங்கரேஜ்ல இறங்கு, காரை எடு, தெற்கே சீவர்டு, அப்புறம் ஹோமர். பனியாறு, கரடி, திமிங்கலம், மீன் எல்லாமே அந்தப் பக்கத்துல இருக்கு. நீ தேடி அலையாம இருந்தா தானா கண்ணுல படும்.

ரெண்டாவது, பொழுது. 'இருட்டினதும் பிள்ளைங்க படுக்கணும்'னு உன் வீட்டுக்காரி சட்டம் போட்டிருக்கா. நல்ல சட்டம். ஆனா ஜூன் கடைசியில ஆங்கரேஜ்ல வெயில் 19 மணி நேரத்துக்கு மேல அடிக்கும். ராத்திரி பதினொண்ணரைக்கு மேலதான் சூரியன் இறங்கும். இறங்கின பிறகும் முழு இருட்டு வராது. பத்தரை மணிக்கு என் பேரன் ஜன்னல் திரையை விலக்கிட்டு, 'தாத்தா, இன்னும் இருட்டல, விளையாட வா'ன்னான். சட்டப்படி அவன் பேசினதுல ஒரு பிழையும் இல்ல. கண்ணைக் கட்டுற துணி ஆளுக்கொண்ணு வாங்கிக்கோ. பிள்ளைங்களுக்குக் கட்டினா அவிழ்த்துப் போட்டுரும். உனக்குக் கட்டிக்கோ.

ஆங்கரேஜை விட்டுக் கிளம்பினதும் டர்ன்அகெய்ன்னு ஒரு கடல் கழி, ரோட்டை ஒட்டியே வரும். தண்ணி வத்தின நேரத்துல சாம்பல் நிறச் சேறு பளபளன்னு விரிஞ்சு கிடக்கும். பார்த்தா சிமெண்டுத் தரை. உன் மச்சினன் அதுல நடந்து போய் ஒரு செல்ஃபி எடுக்கணும்பான். எடுக்கட்டும்னு விட்டுராதே. பனியாறுகள் பாறையை அரைச்சு அரைச்சுக் கொண்டு வந்து கொட்டின மாவு அது. காலை வச்சா உள்ள வாங்கிக்கும், பிறகு இறுகிப் பிடிச்சுக்கும். அந்தக் கழியில ஏத்தவத்தம் 9 மீட்டருக்கு மேல, வந்தா வேகமா வரும். மாட்டினவனை இழுக்கத் தீயணைப்புக்காரங்க வரணும். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு நம்மாளுங்க சொன்னாங்க. அங்க ஆழம் தெரிஞ்சாலும் விடாதே. கழிக்குள்ள வெள்ளைத் திமிங்கலம் வருதான்னு ரோட்டுல நின்னு பாரு, ரோட்டுலயே நில்லு.

அந்த வழியில போர்ட்டேஜ்னு ஓர் இடம். அங்க பனியாத்தைப் பார்க்கறதுக்குன்னே ஏரிக்கரையில பெரிய கண்ணாடி ஜன்னல் வச்சு ஒரு கட்டடம் கட்டி 1986-ல திறந்தாங்க. ஜன்னலுக்கு நேரா பனியாறு தெரியும். கொஞ்ச வருஷத்துல பனியாறு பின்வாங்கி மலை முடுக்குக்குள்ள போயிருச்சு. இப்போ கட்டடம் இருக்கு, ஜன்னல் இருக்கு, பார்க்க வர்றவனும் இருக்கான். பனியாத்தைப் பார்க்கணும்னா படகு ஏறித் திருப்பம் தாண்டிப் போகணும். சர்க்கார் இன்ஜினீயர் எல்லாக் கணக்கும் சரியாத்தான் போட்டிருப்பாரு. பனியாத்துகிட்ட மட்டும் கையெழுத்து வாங்கல.

உன் அட்டவணையில 'பதினொண்ணுக்குப் பனியாறு' இருக்கே, அதுக்கு வருவோம். சீவர்டு பக்கத்துல மலை மேல ஹார்டிங் பனிவெளி இருக்கு. அதுல இருந்து கிட்டத்தட்ட 40 பனியாறு நாலா பக்கமும் இறங்குது. அதுல எக்சிட் பனியாத்துக்குக் கார்ல போய் இறங்கி நடந்தே பார்க்கலாம். போற வழியிலயும் நடைபாதையிலயும் சின்னச் சின்னப் பலகை நட்டிருப்பாங்க. 1815-னு முதல் பலகை. அந்த வருஷம் பனியாத்து நுனி அங்க இருந்துச்சுன்னு அர்த்தம். அப்புறம் 1917, இன்னும் உள்ள நடந்தா 2005, 2010. நான் மெதுவா நடக்கறவன், ஒவ்வொரு பலகைக்கும் நின்னு பார்த்தேன். முதல் பலகைக்குப் பக்கத்துல நெடுநெடுன்னு பெரிய மரங்கள். போகப் போக மரம் குட்டையாகி, புதராகி, கடைசியில வெறும் கல்லும் மணலும். பனி விலகி எத்தனை காலமாச்சுன்னு மரத்தோட உயரத்தைப் பார்த்தே சொல்லிரலாம். பழைய பலகைகளுக்கு நடுவுல எத்தனை வருஷம், எவ்வளவு தூரம்னு பாரு, புதுப் பலகைகளுக்கு நடுவுலயும் பாரு. ஓட்டம் கூடியிருக்கிறது தானா புரியும். ஒபாமா 2015-ல அங்க வந்து நடந்து பார்த்துட்டுப் போனாரு. பெரிய பதவிக்காரன் வந்திருக்கான்னு பனியாறு நின்னு வணக்கம் சொல்லல. அது பாட்டுக்குப் பின்னால போய்க்கிட்டேதான் இருக்கு.

'உருகித் தீர்றதுக்குள்ள பார்த்துரணும் மாமா'ன்னு நீ போன்ல சொன்னே. ரொம்ப நல்ல எண்ணம். 2016-ல ரெண்டு விஞ்ஞானிங்க ஒரு கணக்குப் போட்டாங்க. ஒரு டன் கரியமில வாயு விட்டா, வடதுருவக் கடல்ல செப்டம்பர் மாசத்துப் பனி 3 சதுர மீட்டர் கரையுதாம். மலைப் பனியாத்துக்கு அது வேற கணக்கு, ஆனா சூடு ஒண்ணுதான். டல்லாஸ்ல இருந்து ஆங்கரேஜ் போய்த் திரும்ப உன் குடும்பத்துக்கு எத்தனை டன் ஆகும்னு நீயே கணக்குப் போடு, கணக்குல கெட்டிக்காரன்தானே நீ. போகாதேன்னு சொல்லல, நானும் போனவன்தான். தீர்றதுக்குள்ள பார்க்கணும்னு போற கூட்டமும் அதைத் தீர்க்கிற கூட்டமும் ஒரே விமானத்துல பக்கத்துப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்குன்னு மட்டும் சொல்றேன். அங்க போய் 'உலகம் கெட்டுப் போச்சு'ன்னு பெருமூச்சு விட்டு அடுத்தவன் மேல பழியைப் போடாதே. போய் வந்தப்புறம் கோடை முழுக்க உன் வீட்டு ஏசியைப் பதினெட்டுலயே வைக்காம இருந்தா, அதுவே பனியாத்துக்கு நீ வைக்கிற மொய்.

கடலுக்குள்ள இடிஞ்சு விழுற பனியாத்தைப் பார்க்கணும்னா சீவர்டுல படகு ஏறணும். அய்யாலிக் பனியாறு வரைக்கும் போவாங்க. குடாவுக்குள்ள இருக்கிற வரைக்கும் தண்ணி சாதுவா இருக்கும். முனையைத் தாண்டி வெளிக்கடல் வந்ததும் படகு தூக்கிப் போடும். ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வாந்தி மாத்திரை போட்டுரு. ஆட்டம் தொடங்கின பிறகு போட்டா, மாத்திரை உன்னை முந்திக்கிட்டு வெளியே வந்துரும். கூட வர்ற உங்கம்மாவுக்கு, அதான் எங்கக்காவுக்கு, எலுமிச்சம்பழம் கையில கொடுத்து, பின்பக்கம் வெளியில உட்கார வச்சு, தூரத்துக் கரையையே பார்க்கச் சொல்லு. நீ கீழ்த்தளத்துல உட்கார்ந்து போன்ல ஆபீஸ் மெயில் பார்க்கணும்னா தாராளமாப் பாரு. படகுக்காரங்க காகிதப் பை இலவசமாத் தருவாங்க.

பனியாத்துக்கு முன்னாடி வந்ததும் கேப்டன் இன்ஜினை அடக்கிருவாரு. ரொம்பக் கிட்டப் போக மாட்டாரு. இடிஞ்சு விழுந்தா அலை கிளம்பும். எதிர்ல நீல நிறச் சுவரு நிக்கும். காலங்காலமா ஒண்ணு மேல ஒண்ணு அமுங்கி, காத்து பெரும்பாலும் வெளியேறின பனி, சிவப்பு ஒளியை விழுங்கிட்டு நீலத்தை மட்டும் திருப்பி விடுது. அதுதான் நிறத்துக்குக் காரணம். தண்ணி மேல மிதக்கிற பனிக்கட்டிங்க மேல சீலுங்க குட்டியோட படுத்திருக்கும். பனிக்கட்டிக்குள்ள இருந்த பழைய காத்துக் குமிழி உடைஞ்சு, சுத்திலும் படபடன்னு சின்னச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அப்புறம் காத்திருக்கணும். பத்து நிமிஷம் ஒண்ணும் நடக்காது. உன் மகன் சிப்ஸ் கேப்பான். மச்சினன் போனை நீட்டிப் பிடிச்சே கை வலிச்சு, 'ஒண்ணும் விழாது போல'ன்னு இறக்குவான். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பாளம் பெயரும். முதல்ல கண்ணுக்குத் தெரியும், சத்தம் ஒரு மூச்சு பிந்தித்தான் வந்து நெஞ்சுல இடிக்கும். பதினொண்ணுக்கு விழணும்னு யாரும் அதுக்குச் சொல்லல. போனை நீட்டினவனுக்கும் அது விழல. சும்மா பார்த்துக்கிட்டு நின்ன எங்கக்காவுக்கு விழும் பாரு.

வழியில ஜீவராசிங்க நிறைய வரும். கடல் நீர்நாய் மல்லாந்து மிதந்துக்கிட்டு வயித்து மேலயே கல்லை வச்சுச் சிப்பி உடைச்சுத் திங்கும். மத்த கடல் விலங்குகளுக்கு இருக்கிற கொழுப்புப் போர்வை அதுக்குக் கிடையாது, குளிருக்கு முடி மட்டும்தான். ஒரு சதுர அங்குலத்துல 10 லட்சம் முடி வரைக்கும் இருக்குமாம். மருமகனே, உன் வழுக்கையைத் தடவிக்கிட்டு அதைப் பார்க்காதே, மனசு வலிக்கும். அந்த முடிக்குத்தான் ரஷ்யாக்காரன் அந்தக் கரையைத் தேடி வந்தான். அந்த இனத்தையே வழிச்சு எடுத்துட்டாங்க. 1911-ல நாலு நாடு சேர்ந்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் மிச்சம் பிழைச்சுது. கூன்முதுகுத் திமிங்கலம் பனிக்காலத்துக்கு ஹவாய் போய்க் குட்டி போடும், அங்க இருக்கிற வரைக்கும் அநேகமாப் பட்டினிதான். கோடைக்கு அலாஸ்கா வந்துதான் வயித்தை நிரப்பும். ரெண்டு மணிக்கு உனக்குக் காட்சி கொடுக்கிறதுக்காக அது அத்தனை தூரம் நீந்தி வரலேன்னு தெரிஞ்சா சரி.

இனி கரடி. கரடிக்குன்னு ஒரு மருந்துக் குப்பி விக்கிறாங்க, மிளகாய்ச் சாறு அடைச்சது. அதை விமானத்துல கைப்பையிலயும் கொண்டு போக முடியாது, பெட்டியிலயும் வைக்க முடியாது. அங்க போய்த்தான் வாங்கணும். வாங்கினதும் கொசு மருந்துன்னு நினைச்சுப் பிள்ளைங்க மேல அடிச்சு விட்டுராதே. அப்படிச் செஞ்ச புத்திசாலிங்க அங்க உண்டு. கண்ணு எரிஞ்சு உருண்டது கரடி இல்ல. அந்தக் குப்பி, கரடி பாய்ஞ்சு வரும்போது அதோட முகத்துக்கு நேரா அடிக்கறது. கொசுவுக்குத் தனி மருந்து வாங்கு. அங்கத்திக் கொசுவை 'எங்க மாநிலப் பறவை'ன்னு அந்த ஊர்க்காரங்களே கேலி பண்ணுவாங்க. கடிபட்ட பிறகு அது கேலி இல்லேன்னு தெரியும்.

கரடி எதிர்ல வந்தா என்ன செய்யணும்னு கேட்டே. ஓடாதே, இது முதல் விதி. ஓடினா துரத்தும், குதிரை வேகத்துல வரும். நின்னு, பேச்சுக் கொடுத்துக்கிட்டே மெள்ளப் பின்வாங்கணும். உன் வீட்டுக்காரி உன்கிட்ட பேசுற அதே குரல்ல பேசினாப் போதும், கரடி தானாப் போயிரும். மேல விழுந்து தாக்கினா, பழுப்புக் கரடின்னா செத்தவன் கணக்காக் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கையால மூடிக்கணும். கருப்புக் கரடின்னா திருப்பி அடிச்சுச் சண்டை போடணும். சுலபந்தானே? ஒரு சின்னச் சிக்கல். கருப்புக் கரடியில பழுப்பு நிறத்துலயும் இருக்கு, பழுப்புக் கரடியில கருத்ததும் இருக்கு. தோள்ல திமில் இருந்தா பழுப்பு, இல்லேன்னா கருப்பு. ஆகவே கரடி பாயும்போது, 'அய்யா, கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பு'ன்னு மரியாதையாக் கேட்டுத் திமிலைப் பார்த்துட்டு, அப்புறம் சாகிறதா சண்டை போடுறதான்னு முடிவு பண்ணு. அதைவிட நல்ல வழி, நடக்கும்போதே கூட்டமாச் சேர்ந்து சத்தமாப் பேசிக்கிட்டே போறது. நம்ம குடும்பத்துக்கு அதுல பயிற்சி வேண்டியதில்ல.

மூஸ்னு ஒரு மான் இருக்கு, நம்ம எருமையைவிட உசரம். 'மானுதானே'ன்னு பிள்ளையைக் கிட்ட நிறுத்திப் போட்டோ எடுத்துராதே. குட்டியோட நிக்கிற மூஸ் கரடியைவிடப் பொல்லாதது, முன்னங்காலால மிதிக்கும். அது பாய்ஞ்சா ஓடு, ஓடிப்போய் ஒரு மரத்துக்குப் பின்னால நில்லு. கரடிக்கு ஓடக் கூடாது, மூஸுக்கு ஓடணும். பரீட்சைக்குப் படிச்ச மாதிரி ராத்திரியில சொல்லிப் பாரு, மாத்தி எழுதினா மறுதேர்வு கிடையாது.

எங்கக்கா கோவில்பட்டியில இருந்து கொண்டு வந்திருக்காளே ஒரு மூட்டை, அதை நினைச்சாத்தான் எனக்குப் பயம். நெத்திலிக் கருவாட்டுப் பொடி, கட்டிப் பெருங்காயம், புளியோதரைப் புளிக்காய்ச்சல். கரடி மூக்கு நாய் மூக்கைவிடக் கூர்மை. கூடாரத்துல படுக்கிறதா இருந்தா திங்கிறது ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. பல்பசை, சோப்பு, எங்கக்கா தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் எல்லாமே கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிக்குள்ள போகணும். எங்கக்கா தலையை என்ன பண்றதுன்னு நீ யோசி. பேசாம ஓட்டல்ல ரூம் போட்டிரு.

அங்கத்திக் கரடிகிட்ட நாம கத்துக்கிட வேண்டியதும் உண்டு. கட்மாய் பூங்காவுல ப்ரூக்ஸ் அருவின்னு ஒண்ணு. சால்மன் மீன் எதிர்நீச்சல் போட்டு அருவி ஏறும், கரடி மேல நின்னு வாயைத் திறந்து பிடிக்கும். அங்க போக மிதவை விமானத்துலயோ படகுலயோதான் வழி, போய் இறங்கினதும் கரடிகிட்ட எப்படி நடந்துக்கணும்னு வகுப்பு எடுத்துட்டுத்தான் விடுவாங்க. மேனேஜரும் பெஞ்சுல உட்காரணும். மீன் நிறைய இருந்தா கரடி தோலையும் மூளையையும் முட்டையையும் மட்டும் தின்னுட்டு, கொழுப்பு கம்மியான சதையைக் காக்காய்க்கு விட்டுரும். பனிக்காலம் முழுக்கச் சாப்பிடாம படுக்கறதுல மூணுல ஒரு பங்கு எடை குறையும், அதுக்குத்தான் அந்தச் சேமிப்பு. 2014-ல இருந்து எந்தக் கரடி அதிகக் குண்டுன்னு இணையத்துல ஓட்டு போட வைக்கிறாங்க. 2023-லயும் 2024-லயும் ஜெயிச்சது கிரேஸர்னு ஒரு தாய்க்கரடி. குண்டா இருந்ததுக்காக ஊரே பாராட்டுற ஒரே இடம் அதுதான். நீ ஜிம்முக்குக் கட்டுற காசை மிச்சம் பண்ணிட்டு அங்க போய் நில்லு.

கடைசியா மீன். லைசென்ஸ் வேணும். வெளியூர்க்காரனுக்குப் பதினாறு வயசு ஆயிட்டா கட்டாயம். அரசர் சால்மன் பிடிக்கணும்னா அதுக்குமேல ஒரு முத்திரையும் வாங்கணும். அந்த ஊர்க்காரனுக்கு அறுபது ஆயிட்டா இலவசம். எனக்கு எழுபதுக்கு மேல ஆச்சுன்னு வழுக்கையைக் காட்டிப் பார்த்தேன், காசை வாங்கிட்டுத்தான் விட்டான். அரசர் சால்மன்ல தூண்டிலுக்கு மாட்டினதுல பெரிசு, 1985-ல கீனாய் ஆத்துல பிடிச்சது, 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 44 கிலோ. இப்போ அரசர் வரத்து ரொம்பக் குறைஞ்சு, அந்த ஆத்துல அவரைப் பிடிக்கவே சமீப வருஷங்கள்ல தடை. முத்திரைக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி எந்த ஆறு திறந்திருக்குன்னு மீன்வளத் துறை அறிவிப்பைப் பாரு. பிடிக்க முடியாத மீனுக்கு வரி கட்டினவன்னு பேரு எடுக்காதே.

ஜூலையில சிவப்பு சால்மன் ஏறும். ரஷ்யன் ஆறும் கீனாய் ஆறும் கூடுற இடத்துல தோளோட தோள் இடிக்க ஜனம் நின்னு தூண்டில் வீசும். அந்த ஊர்க்காரங்க அதை மீன்பிடிச் சண்டைன்னே சொல்றாங்க. உன் பக்கத்துல நிக்கிறவன் முள்ளு உன் தொப்பியில மாட்டும், உன் முள்ளு அவன் காதுல. கறுப்புக் கண்ணாடி போடாம ஆத்துல இறங்காதே. அந்த மீன் நன்னீருக்குள்ள வந்ததும் தீனியை நிறுத்திரும், முட்டை போட்டு முடிச்சதும் செத்துரும். பசிக்காத மீனுக்குப் புழுவைக் காட்டி என்ன பிரயோஜனம்? நூலை நீரோட்டத்துல ஓட விட்டு, திறந்த வாய்க்குள்ள அது நுழைஞ்சு முள்ளு தாடையில மாட்டுற வரைக்கும் வீசிக்கிட்டே இருக்கணும். வாயைத் தவிர வேற எங்க மாட்டினாலும் ஆத்துலயே விட்டுரணும், அது சட்டம். வால்ல மாட்டினதை 'வாயிலதான் மாட்டுச்சு, ஆபீசர்'னு சொல்லாதே, மீனைப் பார்த்தா ஆபீசருக்குத் தெரியும். பிடிச்ச மீனைக் கைக்கெட்டும் தூரத்துல வை, கரடி பங்கு கேட்டு வரும். ஆத்து முகத்துவாரத்துல ஒரு ஊர்க்காரன் பெரிய வளைய வலையை வச்சு அள்ளுறான்னு நீயும் இறங்கிராதே. வலை போடுறது அந்த மாநிலவாசிக்கு மட்டும்தான், குடும்பத் தலைவருக்கு 25 மீன், கூட இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் 10.

ஹோமருக்குப் போனா ஹாலிபட். கடலுக்குள்ள 7 கிலோமீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கிற மணல் நாக்குல இருந்து படகு கிளம்பும். அந்த மீன் தட்டையா அடியில படுத்துக் கிடக்கும். குட்டியா இருக்கும்போது ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணு, வளர வளர ஒரு கண்ணு நகர்ந்து மறுபக்கத்துக்கே வந்துரும். ரெண்டு கண்ணையும் மேலேயே வச்சுக்கிட்டு உன்னைப் பார்க்கும். பெரிசெல்லாம் பொம்பளைங்கதான், ஆம்பளை மீன் அந்த அளவுக்கு வளராது. ஈயக்குண்டு கட்டி ஹெர்ரிங் துண்டு கோத்து அறுபது மீட்டருக்குக் கீழ இறக்குவாங்க. முள்ளு வட்டமா இருக்கும். தட்டினதும் வெடுக்குன்னு இழுத்தியோ, மீன் போச்சு. அது கடிச்சு, விழுங்கி, திரும்பிப் போற வரைக்கும் நீ சும்மா இருக்கணும். போகும்போது முள்ளு தானாத் தாடை ஓரத்துல மாட்டும். உன்னைப் பத்தித்தான் எனக்குக் கவலை, லிஃப்ட் பொத்தானையே நாலு தடவை அமுக்குற ஆளு நீ. பொறுத்தவன் பூமி ஆள்வான்னு சொல்வாங்க, அங்க பொறுத்தவன் ஹாலிபட் தின்பான்.

பிடிச்சதை வெட்டி, காத்துப் போகாம அடைச்சு, உறைய வச்சுப் பெட்டியில போட்டுத் தருவாங்க. படகுக் கூலி, லைசென்ஸ், பெட்டிக் கூலி, விமானத்துல சாமான் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தா, டல்லாஸ் கடையிலயே வாங்கியிருக்கலாம்னு உன் வீட்டுக்காரி சொல்வா. அவ சொல்றது சரி. அதுக்குத்தான் கூட்டிப் பார்க்காதே.

டெனாலியையும் அட்டவணையில விட்டு வச்சிருக்கே. 6,190 மீட்டர், வட அமெரிக்காவுலயே உசரம். வர்றவங்கள்ல பத்துக்கு மூணு பேருக்குத்தான் முகத்தைக் காட்டும், மத்தவங்களுக்கு மேகம். அதுக்கு 2015-ல டெனாலின்னு பேரு மாத்தினாங்க, 2025-ல திரும்பவும் மெக்கின்லின்னு மாத்தினாங்க. எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்கல.

ஆகக்கூடி நான் சொல்றது ஒண்ணுதான். அங்க நீ மேனேஜர் இல்ல. கடலும் பனியும் மிருகமும் அதது நேரத்துக்கு வரும், நீ அங்க போய் நின்னு காத்திருக்கணும், அவ்வளவுதான். பாதி நாளை வெறுமையா விட்டு வை. மழை பெஞ்சா படகு போகாது, அப்போ கோவிக்காம ஒரு காப்பி குடிச்சிட்டுப் பிள்ளைங்களோட தாயம் ஆடு.

திரும்பி வந்து நண்பர்கள்கிட்ட கதை சொல்லுவியே, அதுக்கும் ஒரு விதி. மீனைப் பத்தி எவ்வளவு வேணாலும் அளந்து விடு. மீனு தண்ணியில வளர்றதைவிட வாயில நல்லா வளரும், அது தப்பில்ல. கரடி பத்தடி தூரத்துல வந்துச்சுன்னு சொல்லு, நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். பனியாத்தை மட்டும் கூட்டாம குறைக்காம, எந்தப் பலகைக்கு நேரா நின்னுச்சுன்னு தேதியோட எழுதி, போட்டோ எடுத்து வை. உன் மகன் ஒரு நாள் அவன் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அதே இடத்துக்குப் போவான், எதிர்ல வெறும் கல்லைப் பார்ப்பான். அன்னிக்கு நீ மீனுக்குச் சொன்ன பொய்யை நம்புவான், பனிக்குச் சொன்ன நெசத்தைத்தான் நம்ப மாட்டான்.